தொட்டும் தொடாத உலோகம்

ரப்பர் மரத்தை ஏன் விடியும் முன்பே சீவுகிறார்கள் என்று கேட்டால், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று தோட்டத்தில் வளர்ந்த எவரும் சொல்வார்கள். தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் இரவு முழுவதும் நீர் ஏறி அழுத்தம் கூடுகிறது. விடியலுக்குச் சற்று முன் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். சூரியன் ஏறி, இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்குகிறது, பாலும் குறைகிறது. பால் வடியும் மங்கு நிறைய வேண்டுமானால் இருட்டோடு மர நிரைக்குப் போயாக வேண்டும்.

ஆனால் இருட்டில் செய்யக்கூடிய வேலையா அது? பால்குழாய்கள் உட்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் கத்தி ஆழமாகப் போக வேண்டும். அதே சமயம் மரத்தை ஒட்டிய வளர்திசுவைத் தொட்டுவிடக் கூடாது. அதன்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். கத்தி அதையும் தாண்டினால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி வெட்ட முடியாது. பெயர் கூப்பிடும் பிரட்டு முடிந்து ரப்பர் காட்டுக்குள் நுழைந்த பெண்களும் ஆண்களும் இந்த ஒரு மில்லிமீட்டர் கணக்கை, நெற்றியில் கட்டிய சிறு விளக்கின் வெளிச்சத்தில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் காத்துவந்திருக்கிறார்கள். அந்தக் கைத்திறனுக்கு நம் வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். அவர்களுடைய விளக்கைப் பற்றியும் அதிகம் எழுதப்படவில்லை. இந்தக் கட்டுரை விளக்கைப் பற்றியது. குறிப்பாக, அதன் சுவிட்சைப் பற்றியது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ரப்பரின் கதை 1877இல் தொடங்குகிறது. லண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்த நாற்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. பிறகு சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, பீடோர், சுங்கை என்று தோட்டங்கள் பரவின. மரம் சீவும் வெட்டுக்காரர்களின் தலையில் கார்பைட் விளக்கு ஏறியது. கால்சியம் கார்பைடின் மேல் நீர் சொட்டினால் அசெட்டிலீன் வாயு வரும். அதை எரித்தால் பளிச்சென்ற வெள்ளொளி. அந்த விளக்குக்கு மின்சுவிட்ச் கிடையாது. நீர் சொட்டும் திருகைக் கூட்டிக் குறைத்தால் சுடரும் கூடும், குறையும். பின்னர் பேட்டரி விளக்குகளும் கை டார்ச் லைட்டுகளும் வந்தன. தீ போயிற்று, கார்பைட் நாற்றம் போயிற்று. புதிதாக ஒரு தொல்லை வந்து சேர்ந்தது: பேட்டரி புதிது, பல்பும் நல்லது, ஆனாலும் விளக்கு எரியாது. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் எரியும். கொஞ்ச தூரம் நடந்தால் மறுபடி மங்கும்.

இந்தத் தட்டலுக்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது.

டார்ச் லைட்டுக்கான முக்கியமான காப்புரிமை 1899 ஜனவரியில் நியூயார்க்கில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்பவருக்குக் கிடைத்தது. ஒரு குழாய், உள்ளே வரிசையாக உலர் மின்கலங்கள், முனையில் பல்பு, பக்கத்தில் ஒரு தொடுப்பு. அன்றிலிருந்து இன்றுவரை மின்கலம் பலமுறை மாறிவிட்டது. கார்பன் இழை பல்பு போய் டங்ஸ்டன் வந்தது. அதுவும் போய் எல்இடி வந்துவிட்டது. சுவிட்ச் மட்டும் அடிப்படையில் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் விளக்கு எரியும், விலகினால் அணையும். மற்ற உறுப்புகளெல்லாம் வளர்ந்து, இது மட்டும் வளராததால் பழுதும் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. ஆனால் விளக்கு மங்கினால் நாம் முதலில் பேட்டரியைத்தான் குறை சொல்கிறோம். புதுப் பேட்டரி போட்டும் சரியாகவில்லையென்றால் டார்ச்சையே தூக்கிப் போடுகிறோம்.

இரண்டு உலோகங்கள் தொடுகின்றன என்றால் என்ன பொருள்? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பித்தளைத் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேடுகளின் உச்சிகள் மட்டுமே சந்திக்கின்றன. சுவீடனைச் சேர்ந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே பொருளுக்குக் கொடுத்தார். மின்தொடுப்புகள் பற்றி 1946இல் வெளிவந்த அவருடைய நூல்தான் இத்துறைக்கு இன்றும் அடிப்படை. உண்மையான தொடுபரப்பு எவ்வளவு என்று கணக்கிட அவர் காட்டிய வழி எளியது: அழுத்தும் விசையை உலோகத்தின் கடினத்தால் வகுக்க வேண்டும். டார்ச் சுவிட்சின் வில் கொடுக்கும் அழுத்தம் சுமார் 100 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். பித்தளையின் கடினம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. வகுத்தால் வருவது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தகடு இரண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் என்றால், அதன் பரப்பில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் உண்மையில் தொடுகிறது. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போயாக வேண்டும்.

இப்போது அந்தப் புள்ளிகளின்மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் வளர்ந்தால் என்னவாகும்? தகடுகள் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். மின்சாரத்துக்கோ வழி அடைபட்டுவிடும். அரைகுறையாக அடைபட்டாலே போதும், விளைவு பெரிது. பழைய இரட்டைப் பேட்டரி டார்ச்சின் பல்பு சுமார் 2.4 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும். அதன் மின்தடை ஐந்து ஓமுக்குச் சற்றுக் குறைவு. சுவிட்சில் ஒரே ஒரு ஓம் தடை சேர்ந்தால் பல்புக்குப் போகும் மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறையும். வெளிச்சமும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்கத் தோன்றும். இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் மூன்றரை மடிப்பெருக்கத்தை ஒட்டி மாறுவதால், அது ஏறக்குறைய பாதியாக விழுகிறது. ஒரு ஓம் அழுக்கு பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. பட்டையில் ஒரு மில்லிமீட்டரைக் குறிபார்க்கும் கண்ணுக்கு அது சிறிய இழப்பாகுமா?

உள்ளங்கையில் தட்டும்போது தகடுகள் ஒரு நொடி உரசுகின்றன. படலம் ஓரிடத்தில் கீறி, புது உலோகம் வெளியே வருகிறது; விளக்கு எரிகிறது. பிறகு அந்தக் கீறலும் ஆக்சிஜனோடு சேர்ந்து மூடிக்கொள்கிறது. தட்டியவர்கள் செய்தது உண்மையான பழுதுபார்ப்புதான். அரை நிமிடம் மட்டுமே தாங்கும் பழுதுபார்ப்பு.

இங்கே ஒரு கேள்வி எழும். ஈப்போவில் நம் வீட்டுச் சுவரிலிருக்கும் சுவிட்ச் இருபது வருடமாக யாரும் துடைக்காமலே வேலை செய்கிறதே, அது எப்படி? காரணம் இருநூறு வோல்ட்டுக்கு மேலான மின்னழுத்தம். மெல்லிய ஆக்சைடு படலத்தின் குறுக்கே போதிய மின்னழுத்தம் விழுந்தால் படலம் துளைபட்டு வழிவிடும். வீட்டுச் சுவிட்ச் ஒவ்வொரு முறை போடும்போதும் அணைக்கும்போதும் சிறு பொறியும் எழும்பி அழுக்கை எரிக்கும். டார்ச்சிலோ மொத்தமே மூன்று வோல்ட். அதன் சுவிட்ச் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் அளவுக்கு அதில் வலு இல்லை. சின்னக் கருவிகளின் சுவிட்சுகள் பெரிய கருவிகளின் சுவிட்சுகளைவிட விரைவில் கெடுவதற்கு விலைமலிவு ஒன்றே காரணமில்லை.

இந்தப் படலம் துளைபடும் விந்தையை முன்பே கவனித்தவர்கள் சுவிட்ச் செய்தவர்கள் அல்லர். மின்பொறிகளோடும் மின்னலைகளோடும் சோதனை செய்தவர்கள். 1890இல் பிரான்சின் எடுவார்ட் பிரான்லி, உலோகத்தூள் நிரப்பிய குழாயின் மின்தடை பக்கத்தில் ஒரு மின்பொறி பறந்தால் சட்டென்று விழுவதைக் கண்டார். அந்தக் குழாயை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர அதையும் தட்டத்தான் வேண்டியிருந்தது. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் ஒவ்வொரு உலோகமாக எடுத்து, தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். தட்டாமலே தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் தொடுப்பைப் பற்றிய அவருடைய கட்டுரை ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது 1899இல், மிசெலின் காப்புரிமை வெளிவந்த அதே ஆண்டு. உலோகம் உலோகத்தைத் தொடும் இடம் ஓர் ஆராய்ச்சிப் பொருள் என்பதை நம் பக்கத்திலிருந்து ஒருவர் அத்தனை முன்பே உணர்ந்திருந்தார் என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

பேராக்கின் காற்றுக்கு வருவோம். தைப்பிங் மழைக்குப் பெயர்போன ஊர். கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈரம் குறைவில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60, 70 விழுக்காட்டைத் தாண்டினால் உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிப்பு வேகம் பிடிக்கும். இங்கே இரவு நேரங்களில் அந்த எல்லை கிட்டத்தட்ட எப்போதும் தாண்டப்பட்டே இருக்கிறது. விடியற்காலைப் பனியும் வியர்வையும் அதன்மேல். வியர்வையின் உப்பு அந்த நீர்ப்படலத்தை நல்ல மின்கடத்தியாக்கி அரிப்பை முடுக்கிவிடும்.

தோட்டத்தில் வேறு இரண்டு பகைகளும் உண்டு. பால் உறையாமல் இருக்க அம்மோனியா. ஸ்டோரில் அதை உறையவைக்கப் பார்மிக் ஆசிட். பார்மிக் ஆசிட் இரும்பையும் துத்தநாகத்தையும் அரிக்கும். அம்மோனியா செம்புக்கும் பித்தளைக்கும் எதிரி. அந்தப் பகைக்கு ஒரு பழைய சாட்சி இந்தியாவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலம் வந்தால் தாமாகவே வெடிப்பு விட்டன. மழை மாதங்களில் அவற்றைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்திருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் ஈரமும், வளைத்து இழுத்துச் செய்ததால் பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்தே அதைப் பிளந்தன என்று 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. டார்ச் சுவிட்சின் தகடும் வளைத்து இறுக்கிய பித்தளைதான். அம்மோனியா வாளிக்குப் பக்கத்தில் அதை வைப்பது நல்லதில்லை.

மூன்றாவது பகை ரப்பரேதான். மரத்திலிருந்து வந்த பாலை உறுதியான ரப்பராக்க கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்ட வழி. அந்தக் கந்தகத்தின் மிச்சம் மெல்ல வெளியேறிச் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். வெள்ளிப் பொருள்களின் பக்கத்தில் ரப்பரை வைக்கக் கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பின்பற்றும் விதி. பழைய டார்ச்சுகளின் பொத்தானை மூடிய கறுப்பு ரப்பர், நீரைத் தடுத்தாலும் உள்ளே தொடுப்பைக் கறுக்கச் செய்யும். வருடங்கள் போனால் காற்றிலுள்ள ஓசோன் பட்டு ரப்பரும் வெடிக்கும். அப்புறம் நீரும் உள்ளே வரும். இப்போது பல டார்ச்சுகளில் சிலிகோன் மூடி வருவது நல்ல மாற்றம்.

சரி, பழுதுக்கு வருவோம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு வாங்கும் அலுமினிய டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து எல்இடிக்குப் போய், உடல் குழாய் வழியாகவே வாலுக்குத் திரும்பி, அங்குள்ள சுவிட்சின் வழியே பேட்டரியின் எதிர்முனையை அடைகிறது. வால் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு சிறு கம்பியின் ஒரு நுனியைப் பேட்டரியின் அடியிலும் மறு நுனியை உடல் குழாயின் விளிம்பில் மினுமினுக்கும் வெற்று உலோகத்திலும் வையுங்கள். விளக்கு நன்றாக எரிந்தால் பேட்டரி, எல்இடி இரண்டும் நலம், கோளாறு வாலில்தான். எரியாவிட்டால் பேட்டரியையும் தலைப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கம்பியை வைக்கும்போது விளிம்பு வெற்று உலோகமாக இருப்பது முக்கியம். அலுமினியத்தின் வண்ணப் பூச்சு போலத் தெரிவது பெரும்பாலும் அதன் ஆக்சைடு. அது மின்சாரத்தை விடாது. கழற்றி எடுத்த பேட்டரியின் இரு முனைகளையும் மட்டும் கம்பியால் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். லித்தியம் பேட்டரியானால் கை வெந்துபோகும், தீயும் பிடிக்கலாம்.

வாலில்தான் கோளாறு என்று தெரிந்ததும் எல்லாரும் சுவிட்சையே பிரிக்கப் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது வாலுக்குள் சுவிட்சைப் பிடித்துவைத்திருக்கும் வளையம். இரண்டு சிறு துளைகளோ வெட்டுகளோ இருக்கும். கூர்முனைக் குறட்டின் இரு நுனிகளை அதில் வைத்து வலப்பக்கம் திருகினால் இறுகும். மின்சாரம் உடலிலிருந்து சுவிட்சுக்குப் போவதே இந்த வளையத்தின் வழியாகத்தான். பையிலும் வண்டியிலும் அதிர்ந்து அதிர்ந்து இது தளர்ந்துபோகிறது. தட்டினால் எரிவது, பிடியை மாற்றினால் அணைவது என்ற வகைக் கோளாறு பாதி இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்தது வால் மூடியின் மரைகள், குழாயின் விளிம்பு, வில்லின் நுனி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹால் துடைப்பானால் கறுப்பு வராத வரை துடையுங்கள். பளபளப்புக் குறைந்த இடத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் தேய்க்கலாம். அதிலுள்ள மென்மையான துகள்கள் படலத்தை எடுத்துவிடும், உலோகத்தைத் தின்னாது. உப்புத்தாளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிக்கல் முலாமோ தங்க முலாமோ போய்விட்டால், அடியிலுள்ள உலோகம் முன்னைவிட வேகமாக அரிபடும்.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. இங்கே ஒரு வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பொருக்காகிறது. அதற்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சு போதும். விலை குறைந்த சாதாரணப் பேட்டரியில் துத்தநாகக் குவளையே எரிபொருளும் கொள்கலனும். பயன்படுத்தப் பயன்படுத்த அது மெலிந்து ஓட்டையாகும். அதிலிருந்து கசிவது அமிலத்தன்மை உள்ள உப்புநீர். அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தால் அமிலத்தோடு அமிலம் சேரும். ஆப்பசோடா கரைத்த நீர்தான் அதற்கு மருந்து. எதுவானாலும் கடைசியில் நல்ல நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து முழுக்கக் காயவைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்தான் சுவிட்ச். அமுக்கினால் நிற்கும், மறுபடி அமுக்கினால் விடும் அதன் உள்ளமைப்பு, பட்டன் பேனாவில் முனை வெளிவந்து உள்ளே போவதைப் போன்றது. பல் வெட்டிய பிளாஸ்டிக் தண்டு ஒவ்வொரு அமுக்கத்துக்கும் கொஞ்சம் திரும்பி, ஒரு செம்புத் தட்டை ஏற்றி இறக்குகிறது. மின்தொடுப்பைச் சுத்தம் செய்யும் தெளிப்பானை ஹார்ட்வேர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு சொட்டு விட்டு, பேட்டரி இல்லாமல் முப்பது நாற்பது தடவை அமுக்குங்கள். உரசலும் கரைப்பானும் சேர்ந்து செம்பைத் துலக்கும். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும். பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச் உள்ள பழைய தகர டார்ச்சானால் உள்ளிருக்கும் பித்தளைப் பட்டையைச் சற்றே வெளியே வளைத்துவிட்டால் அழுத்தம் கூடும், தொடுபுள்ளிகளும் கூடும். தள்ளு சுவிட்சை வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். தள்ளும் ஒவ்வொரு முறையும் தகடு தகட்டைத் தேய்த்துக்கொண்டு போகிறது. சுத்தம் செய்வது அதன் இயக்கத்திலேயே அடங்கியிருக்கிறது.

அதிக ஒளி தரும் புது டார்ச்சுகளில் கோளாறு வேறு முகம் காட்டும். ஒரே லித்தியம் பேட்டரியில் மூன்று ஆம்பியர் ஓடும் விளக்கில், சுவிட்சிலும் வில்லிலும் ஓமில் பத்தில் ஒரு பங்குத் தடை இருந்தாலே 0.3 வோல்ட் அங்கே தொலையும். கிட்டத்தட்ட ஒரு வாட் வெப்பம் கடுகளவு இடத்தில் உண்டாகும். பிளாஸ்டிக் இளகும், செம்புத் தட்டு சாயும், சுவிட்ச் செத்துப்போகும். தலைப்பக்கம் சுடுவது இயல்பு. வால் சுட்டால் உடனே அணைத்துவிட்டுத் தொடுப்புகளைத் துடையுங்கள். உள்ளே உருகிவிட்ட சுவிட்சைச் சரிசெய்ய முடியாது. அளவு பார்த்து மாற்ற வேண்டியதுதான். உயரமும் அகலமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் பற்றவைப்புக்கூடத் தேவைப்படாது.

பேராக்கின் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனைக் காடுகள். தோட்ட லயங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஈப்போவின் தாமான் குடியிருப்புகளில் குடியேறிவிட்டன. டார்ச் லைட் இப்போது மின்வெட்டுக்கும், வெள்ளத்துக்கும், கோப்பேங் பக்கம் குகை பார்க்கப் போவதற்கும் என்று அலமாரியில் காத்துக்கிடக்கிறது. சும்மா கிடப்பதுதான் அதற்குக் கெடுதல். தினமும் உரசும் தொடுப்பில் படலம் நிற்பதில்லை, மாதக்கணக்கில் அசையாத தொடுப்பில் அது நிதானமாக வளர்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை எடுத்துச் சிலமுறை அமுக்கிவிட்டு வையுங்கள். நீண்ட நாள் வேண்டாம் என்றால் பேட்டரியைத் தனியே எடுத்து வையுங்கள். எரியாமல் கிடக்கும் டார்ச் ஏதாவது வீட்டில் இருந்தால், குப்பையில் போடும் முன் வாலைக் கழற்றி ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பாருங்கள்.